தீவுக்குப் போற ரோட்டு எந்தப் பக்கத்தில தொடங்குது?

யாழ்ப்பாணத்தில ஆரிட்டயாவது "ஒருநாள் சைக்கிளில தூரமா எங்கயாவது போவம்" எண்டு சொல்லிப் பாருங்கோ. பெரும்பாலும் வாற மறுமொழி ஒண்டுதான்: "தீவுப் பக்கம் போவம்." விடிய வெளிக்கிட்டு, கோட்டைக்குப் பக்கத்தால பண்ணைப் பாலத்தில ஏறி, ரெண்டு பக்கமும் கடல், நடுவில நேர்கோடாய் ஒரு தார் வீதி. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, பிறகு புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கயிருந்து படகில நயினாதீவு. இன்னும் தெம்பு இருந்தா நெடுந்தீவு. போட்டோக்களும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் வரும்: பண்ணையில சூரியன், சாட்டிக் கடற்கரை, நயினை அம்மன் கோபுரம், நெடுந்தீவுக் குதிரை.

இந்த வழியைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் ஒரு விஷயத்தைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். தொடக்கம் யாழ்ப்பாணம் ரவுண், முடிவு தீவு. ரவுண் நடு, தீவு ஓரம். "அங்கால போறது" எண்டுதான் சொல்லுவம், "அங்கயிருந்து வாறது" எண்டு சொல்லமாட்டம். ஆனால் வரலாற்றில் நெடுங்காலம் இந்த வழி மற்றப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. தீவுகள் யாழ்ப்பாணத்தின் வால் அல்ல, வாசல். அந்த வாசல் எப்படி வால் ஆனது என்பதை, சைக்கிள் ஓடுகிற வேகத்தில் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

வேலைக்குப் போட்ட வழிகள்

முதலில் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருவோம். சைக்கிள் பயணம் என்றதும் உலகம் முழுக்க ஞாபகம் வருவது பிரான்சின் நாட்டுப்புறம். சென்-எத்தியென் நகரத்தில் போல் டி விவி என்பவர் 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய அவர், போட்டிக்காக இல்லாமல் ஊர் பார்ப்பதற்காக சைக்கிள் ஓடுவதை ஒரு பழக்கமாகவே ஆக்கியவர். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமானபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் பார்க்கப் போன பலர் சைக்கிளிலேதான் போனார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இன்று அங்கே பயணிகள் ஓடுகிற அழகான வழிகளில் பல, அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல. கால்வாய் ஓரப் பாதைகள், சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு நடந்த வழிகள். 'பச்சை வழி' என்று அவர்கள் அழைக்கும் பாதைகளில் பல, கைவிடப்பட்ட ரயில் தடங்கள். பேர்கண்டிப் பகுதியில் கிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையில் 1997இல் திறந்த பச்சை வழியும் அப்படி ஒரு பழைய ரயில் பாதைதான். ஆக ஒரு நல்ல சைக்கிள் வழி என்பது பெரும்பாலும் யாரோ ஒருகாலத்தில் வேலைக்காகப் போன வழி. வேலை நின்றுவிட்டது, வழி மிஞ்சிவிட்டது.

எங்கட தீவு வழியிலும் அப்படி ஒரு பழைய வேலை இருக்கிறதா? இருக்கிறது. யானை ஏற்றுகிற வேலை.

ஊராத்துறையும் யானைத் துறையும்

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் அதை வாசித்து வெளியிட்டார். சிங்கள அரசன் ஒருவன், தமிழில், தீவு ஒன்றில் ஆணை வெட்டியிருக்கிறான் என்பதே நின்று யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் அது சொல்லும் சேதி இன்னும் சுவாரசியம்.

பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் அரைவாசி அரசுக்கு, அரைவாசி உடையவனுக்கு.

கொஞ்சம் கவனிச்சுப் பாருங்கோ. யானை, குதிரைக் கப்பலுக்கு அரசு குறைவாக எடுக்கிறது. ஏன்? அந்தச் சரக்கு அரசனுக்கே வேண்டியது, போருக்கு வேண்டியது. உடைந்தாலும் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும் என்றால் வணிகன் துணிந்து வருவான். இது ஒருவகைக் காப்புறுதி. 12ஆம் நூற்றாண்டில், இந்தக் கடலில் பவளப்பாறையிலும் மணல்திட்டிலும் கப்பல்கள் எவ்வளவு உடைந்திருந்தால் இதற்கென்று ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கும்!

அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் வந்தபோது அதற்கு வைத்த பெயரின் பொருள் 'யானைகளின் துறை'. துறைமுக மேடைக்கு அவர்கள் மொழியில் 'காயிஸ்'. அதுதான் தேய்ந்து 'கயிற்ஸ்' ஆனது. யானையை விட்டுவிட்டு துறையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

யானைகள் வந்தது வன்னியிலிருந்து. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த கடல்நீரேரி வழியாகத் தீபகற்பத்துக்குள் இறக்கிய இடம் ஆனையிறவு. ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றினார்கள், இந்தியாவுக்கு விற்றார்கள். போர்த்துக்கேயருக்குப் பிறகு 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் இதே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். ஆக, எங்கட தலைமுறைக்குப் போர்க்களமாக மட்டும் தெரிந்த ஆனையிறவும், எங்களுக்கு அரைத் தூக்க ஊராகத் தெரிகிற ஊர்காவற்றுறையும் ஒரே வழியின் இரண்டு முனைகள். ஒன்று யானை உள்ளே வந்த வாசல். மற்றது வெளியே போன வாசல்.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். இதில் கடைசிப் பெயர் மட்டும்தான் ஆங்கிலத்தில் இன்றும் பிழைத்திருக்கிறது. காலனியப் பெயர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. ஒருவன் ஒரு மூலைக்குப் போய் அதற்குத் தன் நாட்டின் பெரிய நகரங்களின் பெயரை வைக்கமாட்டான். கடல்வழியாக வந்தவனுக்கு முதலில் தெரிந்த நிலம் இவைதான். அவனுக்கு இது ஓரமில்லை, முகப்பு.

வாசல் எப்போது வாலானது?

ஒரு நாளில் நடந்த மாற்றம் அல்ல இது. 1905இல் ரயில் பாதை காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. அதன்பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தெற்குத்தான் சந்தை. புகையிலையும் ஆட்களும் ரயிலில் போனால், பாய்க்கப்பலுக்குக் காத்திருக்கும் துறைக்கு என்ன வேலை? பிறகு இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளாகி, கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக் கோடு வரைந்தன. ஒருகாலத்தில் முற்றமாக இருந்த பாக்கு நீரிணை, மதில் ஆகிவிட்டது. முற்றம் மதிலானால் வீட்டு வாசல் பின்பக்கமாய்ப் போவது இயல்புதானே.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். தீவுகளை நிலத்தோடு இணைத்த பாலங்களே தீவுகளின் முகத்தைத் திருப்பின. கடலுக்குள் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய இந்த வீதிகளைத் தாம்போதி என்பார்கள். பண்ணையில் ஒன்று, பொன்னாலைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒன்று, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் ஒன்று. மூன்றாவதை ஊர்ச்சனம் வாணர் பாலம் எண்டு சொல்லும். அந்தப் பாலம் வேண்டும் என்று பாடுபட்ட புங்குடுதீவாரின் பெயர் அதில் நிற்கிறது. பாலம் யாரோ மேலிருந்து இறக்கிய அபிவிருத்தி அல்ல. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போக, தீவு மக்களே கேட்டு வாங்கியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாலம் வந்தபிறகு தீவின் எல்லா வழிகளும் ரவுணைப் பார்த்துத் திரும்பின. கொழும்பில் கடை போட்டவர்களும் மலாயாவுக்கு உழைக்கப் போனவர்களும் முதலில் யாழ்ப்பாணம் வந்துதான் போக வேண்டும் என்றானது.

இதையெல்லாம் பஸ்ஸில இருந்து பார்க்க ஏலாது. வாணர் பாலத்தில் சோளகக் காத்துக்கு எதிராக உழக்கினால்தான், கடலில் ஒரு வீதி போடுவது என்றால் என்ன என்று முழங்காலுக்கு விளங்கும்.

அறுந்த வழி

1985 மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படகில் ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். நெடுந்தீவில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் உண்டு. பின்னாளில் அந்தப் படகைத் திருத்தி மீண்டும் அதே வழியில் ஓட்டினார்கள், பல வருடங்கள். அதே பலகையில்தான் சனம் இருந்து போய் வந்தது. வேறு படகு இல்லாதபோது, துக்கத்தில் ஏறித்தான் சந்தைக்குப் போக வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் வெடித்தது. அந்த ஓகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதிக்குள் இறங்கியது. 1990இலும் 1991இலும் மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று ஊர் ஊராகச் சனம் வெளிக்கிட்டது. அதன்பிறகு ஏறத்தாழ ஐந்து வருடங்கள் பண்ணைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்சி, அந்தப் பக்கம் இன்னொரு ஆட்சி. பாலம் இருந்த இடத்திலேயே இருந்தது, வழி மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குப் போக முடியாமல் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இருந்தவர்களை, எங்கட அம்மா அப்பாமார் எல்லாருக்கும் தெரியும். சிலர் எங்கட அம்மா அப்பாமாரேதான்.

அதே வருடங்கள்தான் யாழ்ப்பாணத்தின் சைக்கிள் காலமும். பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. மற்றதெல்லாம் சைக்கிளில்: விறகு, தண்ணி, நோயாளி, கலியாணப் பொம்பிளை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு முழு யாழ்ப்பாணமும் வெளிக்கிட்டபோது, பெரும்பாலான வீடுகளின் மொத்தச் சொத்தும் ஒரு சைக்கிளின் கரியரிலும் ஹாண்டிலிலும் தொங்கியது.

பிரான்சில் சைக்கிள் விடுமுறையின் வாகனமாக வளர்ந்தது. இங்கே அது முற்றுகையின் வாகனமாக வளர்ந்தது. 2022இல் நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, தெற்கில் சைக்கிள் வாங்க ஓடினார்கள். எங்கட வீடுகளில் கொட்டிலுக்குள் இருந்ததை எடுத்து ரியூப்புக்கு ஒட்டுப் போட்டால் போதுமாக இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஏன் அது ஏற்கெனவே கொட்டிலுக்குள் இருந்தது என்பதுதான் கதை.

குதிரையைத் தவிர

இப்போ தீவு வழி மறுபடியும் திறந்திருக்கிறது. நயினாதீவுக்குத் தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வருபவர்களும், எங்கட பக்கத்திலிருந்து அம்மனிட்டப் போறவர்களும் ஒரே படகில் ஏறுகிறார்கள். நெடுந்தீவுக்குப் போற பயணிகள் குதிரையையும் கோட்டையையும் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டு, பின்னேரப் படகுக்கு ஓடி வருகிறார்கள்.

இடையில் என்ன இருக்கிறது? புங்குடுதீவில் வீதியோரம் கூரை இல்லாத கல்வீடுகள். வேலைப்பாடான தூண், உள்ளே ஆலமரம். மூடாத கிணறு. வளவு முழுக்கப் பற்றை, ஆனால் புதிதாய் வர்ணம் அடித்த கோயில். வீட்டுக்காரர் ரொறன்ரோவிலும் பரிசிலும் இருந்து கோயிலுக்குக் காசு அனுப்புகிறார்கள். திருவிழாவுக்குப் பறந்து வருகிறார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறமும் வெறிச்சோடியதுதான். அங்கே சனத்தைப் பட்டணத்துத் தொழிற்சாலை இழுத்தது. இங்கே துவக்கு துரத்தியது. துரத்தப்பட்ட எங்கட சனத்தில் எத்தனையோ பேர் கடைசியில் அதே பிரான்சுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

நெடுந்தீவுக் குதிரைகளும் அப்படித்தான், ஒரு வேலை முடிந்தபின் மிஞ்சியவை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து, பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் கீழ் நோலன் என்ற அதிகாரியின் காலத்திலும் இனவிருத்தி செய்யப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரை நிற்கிறது. வறட்சி வந்தால் தண்ணி இல்லாமல் சாகிறது. சனத்துக்கும் தண்ணிதான் பிரச்சினை. நல்ல தண்ணிக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளைத்தான் நீண்டகாலம் நம்பியிருந்தார்கள். குதிரையைப் படம் எடுக்கும் நாங்கள் அந்தக் கிணற்றையும் பார்க்கிறோமா என்பதுதான் என்ர கேள்வி.

ஒரு வழியைத் தெரிவு செய்வது சின்ன விஷயம் அல்ல. எங்கே நிற்போம், எதைத் தாண்டிப் போவோம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எந்தக் கடையில் தேத்தண்ணி வாங்கப்படும், எந்தக் கடை பூட்டப்படும் என்பதையும் கூடத்தான். குறிகட்டுவானுக்கு நேரே ஓடுகிற வழியில் வேலணையும் புங்குடுதீவும் வெறும் 'இடை'. ஊர்காவற்றுறை அந்த வழியிலேயே இல்லை.

மறுபக்கமாய் ஓடுவம்

அதனால் என்னுடைய யோசனை இது. அடுத்தமுறை பண்ணையால போகாதேங்கோ.

ரவுணில இருந்து வட்டுக்கோட்டைப் பக்கமாய் வெளிக்கிட்டு, பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போங்கோ. அங்கயிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடக்க ஒரு மிதவை இருக்கு. அதுக்கு ஊரில பேர் 'பாதை'. கடலில் மிதக்கிற ஒரு தட்டைப் பாதை என்று அழைக்கிற சனத்துக்கு, கடலும் ஒரு வீதி என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறலாம்.

பாதையில் நிற்கும்போது தண்ணிக்கு நடுவே ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை. இலங்கையின் வடிவம் பன்றித் தொடை போல இருக்கிறது, இது அதன் குதிக்கால் என்று ஒல்லாந்தர் வைத்த பெயர்தான் ஹமன்ஹீல். துறைக்குக் காவலாய் இருந்தது, பிறகு சிறையானது. 1971 கிளர்ச்சிக் காலத்தில் ரோகண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது கடற்படை நடத்தும் ஹோட்டல். ஒரு நாட்டின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் இந்த மூன்று வேலையையும் வரிசையாய்ச் சொன்னால் போதும்.

அப்படித்தான் ஊர்காவற்றுறையில் இறங்க வேண்டும், கடலிலிருந்து. பராக்கிரமபாகு சொன்ன பரதேசிகள் இறங்கியதும் இந்தத் துறையில்தான். பிறகு சரவணை, வேலணை என்று உள்ளே வாருங்கோ. நேரம் இருந்தால் வாணர் பாலத்தால புங்குடுதீவுக்குப் போய், ஒழுங்கைகளுக்குள்ளயும் ஓடிப் பார்த்துத் திரும்புங்கோ. நயினாதீவு, நெடுந்தீவு இன்னொரு நாளைக்கு. அவசரத்தில் பார்க்கிற இடங்கள் அல்ல அவை. கடைசியில் அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைக்கு வரும்போது, யாழ்ப்பாணம் உங்களுக்கு முன்னால் கடலுக்கு அங்கால எழும்பும். கோட்டை ஏன் சரியாக அந்த இடத்தில் கட்டப்பட்டது என்று அப்போது கேட்காமலே விளங்கும்.

இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. சோளகம் அடிக்கிற மாதங்களில் காத்து தென்மேற்கிலிருந்து வரும். பண்ணையால் போனால் போகும்போது எதிர்க்காத்து. மறுபக்கமாய் வந்தால் ஊர்காவற்றுறையிலிருந்து ரவுண் வரைக்கும் காத்து முதுகில் கை வைத்துத் தள்ளும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். அப்போது பின்னேரக் களைப்பில் எதிர்க்காத்து வரும், அதற்கேற்ப வெள்ளன வெளிக்கிட வேண்டும். தண்ணிப் போத்தல் ரெண்டு, ஒட்டுப் போடுற சாமான், ஒரு பம்ப். தீவுக்குள்ள சாமானை வேலணையிலயோ புங்குடுதீவிலயோ உள்ள சின்னக் கடையில வாங்குங்கோ, ரவுணில இருந்து கட்டிக்கொண்டு போகாதேங்கோ. ஆள் இல்லாத வீட்டுக்குள்ள போட்டோ எடுக்க ஏறாதேங்கோ. அது பாழடைந்த இடம் இல்லை, யாரோ இன்னும் ஊர் எண்டு சொல்லுற இடம்.

முக்கியமாக, கிழவர் யாராவது "எங்கயிருந்து வாறியள்?" எண்டு கேட்டால், நின்று பதில் சொல்லுங்கோ. அந்தத் துறையில் காலங்காலமாய் வந்து இறங்கினவர்களிடம் கேட்ட கேள்வி அது.